எடுக்காமல் விட்ட ஷாட்

போன வாரம் சந்தையில் மலைப்பூண்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்ததும் குப்பென்று புகை வாசம். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுத்தான் காயவைப்பார்கள். "என்ன, பூண்டக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் மனைவி. ஒன்றுமில்லை என்றேன். உங்களிடம் சொல்லலாம்.

அந்த வாசத்துக்குள் நான் பதினேழு நாள் வேலை பார்த்திருக்கிறேன். உதவி இயக்குநர் என்று பெயர். கிளாப் அடிப்பது, டீ ஃபிளாஸ்க் தூக்குவது, கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அதில் அடக்கம். எங்கள் இயக்குநர் ஒரு பழைய மேடை நாடகத்தைப் படமாக்கிக்கொண்டிருந்தார். விரும்பியவனைக் கட்டிக்கொண்ட மகளை ராஜா விரட்டிவிடுவார். வருடங்கள் கழித்துத் திரும்பி வருகிறவள், திறக்காத கோட்டை வாசலிலேயே விழுந்து சாவாள். மூன்று தலைமுறையை அழவைத்த நாடகம். கோட்டைக்கு எங்களிடம் வசதி ஏது? ராஜா பூண்டு விவசாயி ஆனார். மந்திரி ஜீப் டிரைவர் ஆனார். கோட்டை வாசல், அட்டுவம்பட்டியைத் தாண்டி ஒரு தகர வீட்டுக் கதவாகிவிட்டது.

மேடையில், நாடகம் முடிந்ததும் செத்த மகள் எழுந்து வந்து எல்லோரோடும் நின்று மங்களம் பாடுவாள். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். சினிமாவில் மங்களம் கிடையாது. ஆனால் ஒரு வழக்கம் உண்டு. சாகிற காட்சி முடிந்த கையோடு, நடித்தவர் எழுந்து காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் நாலு விநாடி எடுத்துவிடுவார்கள். கெட்டது கழிந்துவிடும் என்று நம்பிக்கை.

மகளாக நடித்தவர் ரோஸ்லின் அக்கா. ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. கிறிஸ்துமஸ் நாடகங்களில் நடித்த பழக்கம். புருஷன் அந்தோணி தாண்டிக்குடிப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவர். எங்கள் மந்திரி ஓட்டியதே அவர் ஜீப்தான். கைக்குழந்தை ஒன்று. அக்காவுக்கு அழுகை நினைத்தவுடன் வரும். கட் சொன்ன மறுநொடி சிரிப்பும் வரும். எங்களிடம் இருந்தவை இரண்டே மெமரி கார்டு, இரண்டும் என் பொறுப்பு. பெரிய அதிகாரி கணக்காக, "அக்கா, கேமரா ஓடுறப்போ சிரிக்காதீங்க, கார்டு வீணாப்போகுது" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். "சரிங்க தம்பி" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

சாகிற காட்சியை மத்தியானம் எடுத்தோம். மூடுபனி சரியாக இறங்கியிருந்தது. ஈரமண்ணில் அக்கா விழுந்தார். கட். மேக்கப் அண்ணன் ஓடிவந்து, "ஏப்பா, சிரிக்கிற ஷாட்ட எடுத்துருங்கப்பா" என்றார். கார்டில் கொஞ்சம்தான் இடம் இருந்தது. பனி கலைவதற்குள், மகள் செத்த பிறகு அப்பா கதவைத் திறப்பதை எடுத்தாக வேண்டும். இயக்குநர் என் முகத்தைப் பார்த்தார். "அப்புறம் எடுத்துக்கலாம்ண்ணே" என்றேன்.

"அப்ப நான் செத்தே கெடக்கணுமா? நல்லாருக்கே கதை!" என்று அக்கா மண்ணோடு எழுந்து உட்கார்ந்து சிரித்தார். நின்றுபோன காமிராவைப் பார்த்துத்தான் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஏழு மாதம் கழித்து, படம் எடிட்டிங்கில் இருக்கும்போது, காய்ச்சல் என்று படுத்த ரோஸ்லின் அக்கா இறந்துபோனார். நான் அந்த ஷாட்டை விட்டதால்தான் செத்தார் என்று நம்புகிற ஆளில்லை நான். மேக்கப் அண்ணன் நம்பினார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

அந்தோணி அண்ணன் என்னைத் தேடிச் சென்னைக்கு வந்தார். "கல்யாண போட்டோவுல தலையக் குனிஞ்சே நிக்கிறா. போனு தண்ணிக்குள்ள விழுந்துபோச்சு. அவ சிரிச்ச மாதிரி ஒண்ணு இருந்தாக் குடுங்க தம்பி. பிள்ளைக்குக் காட்டணும்ல."

மூன்று நாள் ஒவ்வொரு ஷாட்டாகத் தேடினேன். அழுகிறார், கெஞ்சுகிறார், விழுகிறார். கிளாப் அடிப்பதற்கு முந்தைய விநாடிகளில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறார். என் பேச்சைக் கேட்டு நிற்கிறார். இல்லை என்று அண்ணனிடம் சொன்னபோது எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. "சரிங்க, நீங்க சோலியப் பாருங்க" என்று டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

படம் தியேட்டருக்கு வரவில்லை. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய், அழுத முகமும் போயிற்று. தகர வீடு இருந்த இடத்தில் இப்போது சுற்றுலா விடுதி. இயக்குநர் சினிமாவையே விட்டுவிட்டார்.

போன வருடம் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் அந்தோணி அண்ணனைப் பார்த்தேன். பள்ளிச் சீருடையில் மகளும் கூட இருந்தாள். அம்மா நடித்த படத்தில் வேலை பார்த்தவர் என்று என்னைக் காட்டிவிட்டு, அண்ணன் டீ வாங்கப் போனார்.

"அங்கிள், அம்மா எப்படிச் சிரிப்பாங்க? அப்பாட்ட கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு."

"சத்தமாச் சிரிப்பாங்கம்மா."

"எப்படின்னு செஞ்சு காட்டுங்களேன்."

வாயைத் திறந்தேன். மண் ஒட்டிய கன்னம் நினைவுக்கு வந்தது, நனைந்த சேலை வந்தது. சத்தம் வரவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்துருச்சும்மா என்று சொல்லி, எந்த ஊர் பஸ் என்றும் பார்க்காமல் ஏறிவிட்டேன்.