அப்பாவின் உதார்

நடந்தது வரிசையாக:

1. அப்பா அந்தமானில், வண்டூரில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் சிறு படகு ஒன்று வைத்திருந்தார். எஞ்சின் கைவிட்டது. வங்கிக் கடனில் புது எஞ்சின் வாங்கினார். ஜாமீன் கையெழுத்து என்னுடையது.
2. அடுத்தடுத்து இரண்டு சீசன் படுத்துவிட்டது. தவணை கட்டுவதற்காக அம்மாவின் நகைகள் அடகுக்குப் போயின. வீட்டுச் சாமான்கள் கடைகளில் பற்று வைத்து வந்தன.
3. ஒரு மாதத் தவணை துண்டு விழுந்தபோது செல்போன் செயலி ஒன்றில் என் பெயரில் கடன் எடுத்தேன். அதை அடைக்க இன்னொரு செயலியில் எடுத்தேன்.
4. எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.
5. கல்யாணத்துக்கு முன்பே கடனைப் பற்றி மாப்பிள்ளையிடம் சொன்னேன்.
6. நான் சொல்லவே இல்லை என்று அவர் சொன்னார்.
7. இரண்டும் உண்மை.

இப்படி எண் போட்டு எழுதுவது என் வேலைப் பழக்கம். மின்னியலில் டிப்ளமோ படித்துவிட்டு, செல்போன் டவர்களின் ஜெனரேட்டரையும் பேட்டரிகளையும் பராமரிக்கும் கம்பெனியில் இருக்கிறேன். எந்தக் கோளாறையும் நடந்த வரிசையில் எழுதிக் கொடுத்தால்தான் மேலே அனுப்புவார்கள். இந்த வரிசையில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒரே ஒரு சொல் இருக்கிறது.

எங்கள் தீவில் கடையில் பற்று வைத்து வாங்குவதற்கு உதார் என்று பெயர். இந்திச் சொல். வங்காளி கடையாக இருந்தாலும் மலையாளி கடையாக இருந்தாலும் அதே சொல்தான். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரத் தாமதமானால் கடைக்காரருக்குச் சரக்கு வராது. ஆபீஸில் பில் நின்றுபோனால் காண்ட்ராக்டருக்குக் காசு வராது. அதனால் எல்லோரும் எல்லோரிடமும் உதார் வைத்திருப்பார்கள். தமிழ் வீடுகளிலும் அந்தச் சொல்தான் புழங்கியது. கடன் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எஞ்சினுக்கு வாங்கிய வங்கிக் கடனைக்கூட அப்பா உதார் என்றுதான் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அது அடுத்த கப்பலோடு தீர்ந்துவிடும் என்பதுபோல் இருக்கும்.

சென்னைப் பக்கத்தில் உதார் என்றால் வேறு. இல்லாத பெருமையை அடித்துவிடுவது. இது எனக்குத் தெரியாது. நான் படித்தது முழுக்க போர்ட் பிளேரில். சினிமாவில் யாராவது உதார் விடாதே என்று மிரட்டியிருந்தால், கடன் சொல்லாதே என்கிறார்கள் என்றே நினைத்திருப்பேன்.

நான் கட்டிக்கொண்டவர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். மூன்று வருடப் போஸ்டிங்கில் இங்கே ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு வந்திருந்தார். அவருடைய மேலதிகாரி எங்களுக்கும் தெரிந்தவர். அந்த அதிகாரி வழியாகச் சம்பந்தம் வந்தது. பெரியவர்கள் பேசி முடித்த பிறகு, நாங்கள் இருவரும் ஒருமுறை தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்றார்கள். கடற்கரை ஓரத்துச் சுவரில் உட்கார்ந்தோம். அவர் சுட்ட சோளம் இரண்டு வாங்கி வந்தார்.

"ஒண்ணு சொல்லிடணும். பின்னாடி தெரிஞ்சு சங்கடப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"எங்க அப்பாவுக்கு உதார் ஜாஸ்தி."

அவர் சிரித்தார். "பாத்தா அப்படித் தெரியலையே."

"பாத்தா தெரியாதுங்க. பஜார்ல எந்தக் கடையில வேணா கேட்டுப் பாருங்க. அவரால நிறுத்த முடியல."

"எங்க மாமா ஒருத்தர் இருக்கார். அவருக்கும் இதே வியாதிதான். ஊரே சிரிக்கும். நாங்க யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல."

"அதுல எனக்கும் பங்கு இருக்கு," என்றேன். ஜாமீன் கையெழுத்தையும் செயலிக் கடன்களையும் மனதில் வைத்துத்தான் சொன்னேன்.

"உங்களுக்குமா? பரவால்ல. வீடு கலகலன்னு இருக்கும்."

நான் சோளத்தைக் கடிக்க ஆரம்பித்தேன். இத்தனை பெரிய விஷயத்தை ஒரு மனிதர் இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இவரையே கட்டிக்கொள்வது என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன்.

கல்யாணம் முடிந்து, போர்ட் பிளேரில் மரைன் ஹில்லில் வாடகைக்கு வீடு பார்த்தோம். சம்பளம் வந்ததும் பாதிக்கு மேல் வண்டூருக்கும் செயலிகளுக்கும் போகும். மிச்சத்தில் என் பங்கு வீட்டுச் செலவைக் கொடுப்பேன். அவர் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாரே என்று அவர்மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. நான் என் சம்பளத்தைத் தனியாகச் சேர்த்து வைக்கிறேன் என்று அவர் நினைத்திருந்தார். ஊருக்குத் திரும்பியதும் மனை வாங்கலாம் என்று அவ்வப்போது சொல்வார். நானும் சரி என்பேன். கடன் முடிந்த பிறகு என்று மனதுக்குள் சேர்த்துக்கொள்வேன்.

எட்டு மாதம் அப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை சமையலறைக் குழாய் ஒழுகியது. புதுக் குழாய் வாங்கப் போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். அதற்குள் அவருக்கு ஆபீஸ் இந்தி பழகியிருந்தது. கடைக்காரர் அவரை அடையாளம் கண்டு, "வண்டூர் போட்வாலாவோட தாமாத் தானே? சசுர்ஜி கா உதார் பஹுத் ஹோ கயா. கொஞ்சம் சொல்லுங்க," என்றிருக்கிறார். மாமனார் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது, மருமகன் எடுத்துச் சொல்லவேண்டும் என்பது அதன் பொருள்.

குழாயைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்தார்.

"உங்க அப்பா எத்தனை கடைக்குப் பணம் தரணும்?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே. உதார் ஜாஸ்தின்னு."

"நீ உதார்னு சொன்ன. கடன்னு சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"எங்க ஊர்ல உதார்னா பந்தா. உங்க அப்பா பெருமை பீத்துற ஆளுன்னு நெனச்சேன். பாவம், மனுஷன் வாயே தொறக்க மாட்டேங்கறாரேன்னு யோசிச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். வங்கியில் யார் ஜாமீன், நகை எங்கே, என் போனில் மாதாமாதம் வரும் செய்திகள் எதற்கு. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"ஒரு வார்த்தை மாறிப்போச்சுன்னு வெச்சுக்கறேன். எட்டு மாசமா காசு போயிட்டே இருக்கு. ஒரு தடவையாவது அதைப் பத்திப் பேசினியா?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சும் கேக்காம இருக்கீங்கன்னு..."

அதை முழுவதும் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்கமாட்டார் என்று தோன்றுகிறது. சொல்லை வைத்து நான் விளையாடிவிட்டதாகவே அவர் நினைத்தார்.

அவருடைய போஸ்டிங் முடிந்தது. சாமான்களைக் கப்பலில் ஏற்றினோம். கப்பல் துறையில், ஜெட்டியில் நின்றபோது, "கடன் முடியட்டும், முடிஞ்சதும் வா," என்றார். "நடுவுல என்கிட்ட பணம் கேக்காத. எவ்வளவு முடிஞ்சுதுன்னு நானும் கேக்கல." சரி என்றேன். கடன் சீக்கிரம் தீர்ந்தால் சீக்கிரம் அவரிடம் போகலாம். எனக்கு அது தெளிவான கணக்காக இருந்தது.

டவரில் மின்கசிவு எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், எல்லா பிரேக்கர் சுவிட்சுகளையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்போம். வீட்டுப் பணத்தையும் அப்படியே பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு மாதம் எந்தக் கடையிலும் பற்று இல்லை, காசு கொடுத்துத்தான் எதுவும். அதை அப்பாவிடம் சொல்ல வண்டூர் போனேன்.

"இனிமே நம்ம வீட்ல உதார்னு சொல்லக் கூடாதுப்பா. கடன்னே சொல்லுவோம்."

"வார்த்தைல என்ன பாப்பா இருக்கு?"

"அந்த வார்த்தைலதான் மாப்பிள்ளை கப்பல் ஏறினார்," என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கடைக்குக் கிளம்பினார். மளிகைக்கடைக்காரர் இருபது வருடப் பழக்கம். அரிசியை நிறுத்துவிட்டு வழக்கம்போல் நோட்டை எடுத்தார். அப்பா பணத்தை எடுத்து நீட்டினார்.

"என்ன அண்ணே, நான் கேட்டேனா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. இனி காசுக்குத்தான்."

"அப்போ வேற கடைக்குப் போகப் போறீங்க. அதை நேரா சொல்லிடுங்க."

எங்களிடையே உதாரை நிறுத்தினால் உறவை நிறுத்தியதாக அர்த்தம். பாக்கியை நான் மாதாமாதம் கொண்டுவந்து தருவேன், அரிசியும் இங்கேயே வாங்குவோம் என்று அவருக்குப் புரியவைக்க வெகுநேரம் ஆனது. மற்ற கடைகளிலும் இதே கதைதான். குழாய்க் கடைக்காரர் மட்டும் பேசாமல் பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு டீ வரவழைத்தார்.

மாதக் கடைசியில் கசிவு தெரிந்தது. நான் நினைத்தபடி அது சாப்பாட்டுச் செலவில் இல்லை. அப்பாவும் உதார் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு தரலாம் என்று படகில் ஏற்றிக்கொண்ட தெரிந்தவர்களின் விருந்தாளிகள், ஆபீஸ்காரர்களின் சொந்தக்காரர்கள், அடுத்த படகுக்காரருக்குக் கொடுத்த டீசல். அதில் பாதியை அவரால் நினைவுபடுத்தவே முடியவில்லை. கேட்டுப் போனால் முகம் கோணுவார்கள் என்றார். நானே போய்க் கேட்டேன். கொஞ்சம் வந்தது. சிலர் அதற்குப் பிறகு அப்பாவோடு பேசுவதில்லை.

செயலிக் கடனுக்குத்தான் வட்டி அதிகம். முதலில் அதை அடைத்தேன். அடைத்த அன்றே செயலிகளைப் போனிலிருந்து நீக்கினேன். பிறகு சம்பளம் வந்த நாளிலேயே கடனுக்கும் தபால் ஆபீஸ் சேமிப்புக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ரொக்கமாக எடுத்து வைத்துக்கொள்ளப் பழகினேன். கையில் தாளாக இருந்தால் செலவு செய்யும்போது கண்ணில் படுகிறது. சேமிப்புக்குப் போனது சின்னத் தொகைதான். கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று அம்மா கேட்டார். அடுத்த தடவை எஞ்சின் நின்றால் மறுபடியும் கடைக்கு ஓடக் கூடாது என்றேன்.

அதற்கும் அவசியம் இல்லாமல் போனது. இரண்டாம் வருடம் அப்பாவே சொன்னார்.

"போட்டை வித்துடலாம் பாப்பா. இந்த வேகத்துல போனா நீ எப்ப மெயின்லேண்ட் போறது?"

வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. வங்கியில் பேசி, விற்ற பணம் நேராகக் கடனுக்குப் போகும்படி எழுதிக் கொடுத்து, எஞ்சினோடு சேர்த்து விற்றோம். வாங்கியவர் அதே வண்டூர் ஜெட்டியில் படகு வைத்திருப்பவர். படகுக்குப் பச்சை வண்ணம் அடித்தார். ஓட்டுவதற்கு அப்பாவையே நாள் கூலிக்குக் கூப்பிட்டார். அப்பா போனார். முதல் நாள் பயணிகளிடம் பணம் வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம். பிறகு நினைவு வந்து எடுத்துக் கொடுத்தாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

மெயின்லேண்டுக்குப் போனவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவேன். ஒப்புக்கொண்டபடி அவர் கடனைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. செயலிக் கடன் முடிந்ததைச் சொல்லவில்லை. படகை விற்றதைச் சொல்லவில்லை. முழுவதும் முடித்துவிட்டு ஒரேயடியாகச் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். கேட்பதில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டது பணத்தைப் பற்றி மட்டும்தான். நாளாக நாளாக வேறெதையும் கேட்காமல் இருக்கவும் பழகிவிட்டோம். சாப்பிட்டாயா, மழையா, ஆபீஸ் எப்படி. பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை.

வங்கியில் பாக்கி இல்லை என்று சான்று கொடுத்த அன்று, வாசலில் நின்றே அவரைக் கூப்பிட்டேன்.

"முடிஞ்சுதுங்க."

"எது?"

கையிலிருந்த சான்றை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"கடன்," என்றேன்.

"ஓ. நல்லது. ரொம்பக் கஷ்டப்பட்டிருப்ப," என்றார்.

"அடுத்த மாசத்துக்கு டிக்கெட் பாக்கட்டுமா?"

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நீ பொய் சொல்லலைன்னு எனக்கு எப்பவோ புரிஞ்சிடுச்சு. அப்பவே உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

"இப்ப சொல்றீங்களே."

"தனியா இருந்து பழகிட்டேன். நீ வந்தா நான் நல்லபடியா நடந்துப்பேனான்னு தெரியல. வரச் சொல்லிட்டு அப்புறம் உன்னைச் சங்கடப்படுத்தினா அது இன்னும் தப்பு."

"வேற யாராவது இருக்காங்களா?"

"இல்ல."

அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். யாராவது இருந்திருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அன்று மாலை வண்டூர் போனேன். டிக்கெட் எப்போது என்று அப்பா கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "அந்த எஞ்சினை மட்டும் நான்..." என்று ஆரம்பித்தார். அவரைப் பேசவிடாமல் சாப்பாடு போடச் சொன்னேன். மூவரும் சாப்பிட்டோம்.

இப்போதைய நிலை இது. எங்கள் வீட்டில் யார் பெயரிலும் கடன் இல்லை. அம்மாவின் வளையல்களை மீட்டுவிட்டோம். சங்கிலி ஏலத்தில் போய்விட்டது. அப்பா கூலிக்குப் படகு ஓட்டுகிறார். நான் மரைன் ஹில்லில் அதே வாடகை வீட்டில் இருக்கிறேன். ஆறு மாதச் செலவுக்கான பணம் தபால் ஆபீஸில் இருக்கிறது. அவரும் நானும் சம்மதித்துப் பிரிவதற்கான மனுவில் போன மாதம் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.