வில்லி வீட்டுக்கு ஆயா தேவை

இருட்டிய பிறகு வாசலில் 'சர்ர்... சர்ர்...' என்று எதையோ இழுக்கும் சத்தம் கேட்டால், சீரியலில் வில்லியாக நடித்தவள்தான் முதலில் நடுங்குவாள். அடுத்த காட்சியில் என்ன வரும் என்று அவளுக்குத்தானே தெரியும்? நடித்த எல்லாச் சீரியலிலும் பாலில் விஷம் கலந்தவள் நான். இப்போது நடிப்பை விட்டு வசனம் எழுதுகிறேன். கணவருக்கு நாவலூரில் நைட் ஷிப்ட். கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் அம்மாக்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

எதிர் வீடு

அந்தச் சத்தம் கேட்டது, கூடுவாஞ்சேரிக்கு நாங்கள் குடிவந்த அன்று. இடுப்பில் குழந்தை, கையில் பூரிக்கட்டையுடன் கதவை லேசாகத் திறந்தேன். எதிர் வீட்டு அக்கா தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளை வராந்தாவிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். பூரிக்கட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "டி.வி.லதான் இப்டின்னு நெனச்சேன். வூட்லயுமா?"

புருவம்

எல்லாம் கான்வென்ட்டிலேயே தொடங்கியது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மாதா வேஷம் கேட்டு வருஷா வருஷம் கை தூக்குவேன். வருஷா வருஷம் குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் ஏரோது ராஜாதான் கிடைக்கும். அழுதபோது சிஸ்டர் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "மாதாவுக்கு இவ்ளோ புருவம் ஆகாதும்மா."

கடற்கரை

கடப்பாக்கத்தில் ஷூட்டிங். அப்போது நான் மாசமாக இருந்தேன்; எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் கை தானாக நீளும். வேடிக்கை பார்க்க வந்த மீனவப் பெண் ஒருத்தியின் குழந்தையிடமும் நீண்டது. அவள் முந்தானையால் அதன் முகத்தையே மூடிவிட்டாள். "கிட்ட வராத. எம் புள்ள பாலே குடிக்காது, கஞ்சிதான்!"

ஆயா

என் பிள்ளை இதையெல்லாம் கேட்டு வளரக்கூடாது என்றுதான் வசனம் எழுதும் வேலைக்கு மாறினேன். ஆனால் ஆயா இல்லாமல் கதை டிஸ்கஷனுக்குப் போக முடியாது. போகாவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். வந்த ஆயாக்கள் என் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள்.

தேவகி அக்கா மட்டும் தன் ஊதாக் குடையோடு நின்றார். சீரியலே பார்ப்பதில்லையாம். உடனே எனக்குச் சந்தேகம். சீரியல் பார்க்காத பொம்பளை எதை மறைக்கிறாள்? டிஸ்கஷன் நடுவில் போன் போடுவேன். குழந்தை அழுதால் ஏன் அழுகிறது, அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று குடைவேன். ஒருநாள் அவரே கேட்டார்: "தூங்கினு கீது கண்ணு. எழுப்பி அழ வெக்கட்டா?"

புது ட்ராக்

சேனலில் அவசரமாகப் புதுக் கதை கேட்டார்கள். வீட்டில் நடப்பதைத் தூக்கி எபிசோடில் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். என்னிடம் இருந்தது பயம், அதையே எழுதினேன். 'கண்ணு, கண்ணு' என்று கொஞ்சிக்கொண்டே குழந்தையைத் திருடும் ஆயா. தேவகி அக்காவின் பெயரை மாற்றினேன். அந்த ஊதாக் குடையை மாற்றத் தோன்றவில்லை. டைரக்டர் தன் தொடையைத் தட்டினார்: "பிரமாதம்மா! ஆயா அப்படியே உசுரோட நிக்கிது!"

குடை

அந்த எபிசோடைத் தேவகி அக்கா பார்க்கவில்லைதான். அவர் மருமகள் பார்த்துவிட்டாள். மறுநாள் மாலை நான் வந்தபோது குழந்தை குளித்து, பவுடர் பூசி, சிரித்துக்கொண்டிருந்தது. அக்கா அதை என் கையில் கொடுத்துவிட்டு மூலையிலிருந்த ஊதாக் குடையை எடுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கு வாங்க என்று கெஞ்சினேன். படியில் இறங்கியவர் நின்று திரும்பினார்.

"என் மருமவ போன்ல போட்டுக் காட்டுச்சு. என்னைப் புள்ள புடிக்கிறவன்னு எழுதிட்டு, இன்னிக்கும் உம் புள்ளைய என்கிட்டயே வுட்டுட்டுப் போனியே, நீ இன்னா அம்மா?"

குழந்தையை அணைத்தபடி உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டேன். இனி இந்த வீட்டில் நான் சந்தேகப்பட மிச்சமிருக்கும் ஆள் நானேதான்.