மூன்று வேளை பார்க்கிற ஜக்மேந்தர்

ஈரத் துணியால் பிஸ்டலை அழுத்தித் துடைத்துவிட்டு, துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் ஜக்மேந்தர். கறுப்பு ஒட்டவில்லை. பக்கத்தில் கிடந்த இன்னொரு பிஸ்டலையும் துடைத்தார். அதிலும் ஒட்டவில்லை. சந்தையில் சாயம் பூசின எருமையை அவர் இப்படித்தான் பிடிப்பார். துணியில் கறுப்பு வந்தால் விற்கிறவன் திருடன். வராவிட்டால் கெட்டிச் சாயம் பூசத் தெரிந்த பெரிய திருடன்.

"ரெண்டுலயும் ஒண்ணுமே வரலியே" என்று முகத்தைச் சுளித்தார்.

மேஜைமேல் இருந்த இரண்டும் கைமாறி வந்த ஏர் பிஸ்டல்கள். ஒரே கம்பெனி, ஒரே வருஷம். ஒன்றின் மூக்கு கொஞ்சம் கனம், மற்றதின் கைப்பிடி கொஞ்சம் சிறிசு. வித்தியாசம் அவ்வளவுதான். ரோத்தக்கிலிருந்து குல்ஷன் என்கிற வியாபாரி வெள்ளிக்கிழமை மத்தியானம் கொண்டுவந்து வைத்தான். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றேன் சௌத்ரி சாப். எது பிடிக்குதோ அதை வச்சுக்கோங்க, மத்ததை எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றான், சிரித்தான், ஒரு டம்ளர் மோர் குடித்தான், போய்விட்டான். அந்தச் சிரிப்பு ஜக்மேந்தருக்கு அன்று முழுக்கச் செரிக்கவில்லை.

"எந்த வியாபாரியாவது ரெண்டு எருமையையும் நம்ம வீட்டுல கட்டிப் போட்டுட்டுக் கையை வீசிக்கிட்டுப் போவானா? அதுவும் பல்லைக் காட்டிக்கிட்டு!"

ஜஜ்ஜர் பக்கம் இவரைத் தெரியாத எருமைக்காரன் கிடையாது. பனைமரத்து உயரம், கன்னம் தாண்டின மீசை, கையில் எப்போதும் ஒரு மூங்கில் கழி. டீக்கடையில் டம்ளரை வாங்கினால் உடனே குடிக்க மாட்டார். முதலில் கடைக்காரனிடம் பால் கேட்டு ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டு, அது நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பார். பஸ்ஸில் டிக்கெட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் படிப்பார். தெருவில் யாராவது 'ராம் ராம்' சொன்னால் பதில் சொல்வதற்கு முன் திரும்பி, பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொள்வார். அவரோடு ஹூக்கா குடிக்கிற ராம்பல் பெரியவர் சொல்லுவார்: "இவன் சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்லயே கட்டிலைப் போட்டு மூணு வேளை பார்த்துட்டுத்தான்டா உள்ள காலை வைப்பான்."

மூன்று வேளை என்பதுதான் அவருடைய வேதம். முதல் கறவையை அவர் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். சந்தைக்கு வருமுன் ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியைப் புடைக்க வைத்துக் கொண்டுவருவது எல்லாரும் செய்கிற வேலை. அதனால் விற்பவன் வீட்டிலேயே கட்டிலில் படுத்து, இரண்டாம் கறவை, மூன்றாம் கறவை வரைக்கும் கண் கொட்டாமல் பார்ப்பார். கவனிக்க வேண்டியது இது: அவர் பார்ப்பார், கறக்க மாட்டார். மற்றவன் வீட்டில் மற்றவன் பெண்சாதி கறப்பாள். சொந்த வீட்டில் நிற்கிற எட்டு எருமைக்கும் அவர் பெண்சாதி சுதேஷின் கைதான். பெண்சாதி ஊருக்குப் போன நாளில் அவளுடைய முக்காட்டுத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு எருமையை ஏமாற்றிக் கறக்கிற ஆண்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. பழகின வாசனை இல்லாவிட்டால் எருமை சுரப்பு விடாதே! அப்படிப்பட்டவர்களைக் கண்டால் ஜக்மேந்தர் மீசையை முறுக்கிக்கொண்டு கேட்பார்: "எருமையவே ஏமாத்துறவன் என்னை ஏமாத்த மாட்டானா?"

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு பிஸ்டலோடு என்ன வேலை என்றால், அதற்கும் அவருடைய சந்தேகமே காரணம். மூடிப்போன செங்கல் சூளையின் பின்னால் தகரக் கொட்டகையில் தேஷ்ராஜ் என்பவர் துப்பாக்கி சுடப் பழக்குகிறார். ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அங்கே போகிறார்கள். மகள் ரச்னா போக வேண்டும் என்றபோது, தனியாக அனுப்ப மனசு வராமல் கூடவே சுதேஷைக் காவலுக்கு அனுப்பினார் ஜக்மேந்தர். மகளுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. நர்ஸ் படிப்புக்கு ஹிஸார் போய்விட்டாள். காவலுக்குப் போனவள் போவதை நிறுத்தவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவளிடம் தேஷ்ராஜ் ஒருநாள் பிஸ்டலைக் கொடுத்துப் பார்க்க, முதல் நாளே குண்டு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்ததாம்.

"மகதான் போயிட்டாளே, இவ எதுக்கு இன்னும் போறா?" என்று ஜக்மேந்தருக்குத் தூக்கம் வரவில்லை. கடுகு வயலில் ஒளிந்து உட்கார்ந்து கொட்டகை ஜன்னலையே பார்த்திருக்கிறார். உள்ளே சுதேஷ் ஒரு கையைச் சல்வார் பையில் விட்டுக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி, கல் மாதிரி நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அசையாமல் நின்று அவர் பார்த்ததே இல்லை. வயலிலிருந்து எழுந்து, முழங்காலில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று ராத்திரி ரொட்டி கேட்கும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கி இருந்ததாக சுதேஷே சொல்லியிருக்கிறாள்.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. அடுத்த மாதம் மாநிலப் போட்டி. பழக ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகாத சுதேஷின் பெயரும் அதில் இருக்கிறது. கொட்டகையில் இருப்பதோ எல்லாருக்குமாக ஒரே ஒரு பிஸ்டல். போட்டியில் இவள் சுடுகிற அதே நேரத்தில் அதை வைத்து இன்னொரு பெண் சுட வேண்டும். சொந்தமாக ஒன்று இல்லையென்றால் சுதேஷின் பெயரை அடித்துவிடுவார்கள். "இந்த ஒரு தடவை போயிட்டு வந்துடறேன். என் பேரை மைக்குல கூப்பிடறதை ஒரு தடவை கேக்கணும்" என்றாள் அவள். ஊரில் அவளுக்கு ரச்னா அம்மா, ஜக்மேந்தர் பெண்சாதி என்றுதான் பெயர்.

தேஷ்ராஜைக் கேட்டார் ஜக்மேந்தர். "மாஸ்டர்ஜி, மறைக்காம சொல்லுங்க. ரெண்டுல எது?"

"ரெண்டுமே நல்லதுதான் சௌத்ரி. புதுசா சுடறவங்களுக்கு இது போதும். கைக்கு எது ஒட்டுதோ அது."

வெளியே வந்ததும் பெண்சாதியிடம் முணுமுணுத்தார். "ரெண்டும் நல்லதாம்! எவன் ரெண்டையும் நல்லதுங்கிறானோ அவன் கமிஷன் வாங்கிட்டான்னு அர்த்தம்."

"ஒண்ணு நல்லதுன்னு சொல்லியிருந்தா?"

"அதுக்கும் கமிஷன்தான்."

ஆக, மூன்று வேளை. இந்த பிஸ்டலில் குழலுக்குக் கீழே ஒரு குட்டிச் சிலிண்டர் உண்டு. அதில் அடைத்த காற்றுதான் குண்டைத் தள்ளும்; எவ்வளவு மிச்சம் என்று அதன் முனையில் ஒரு முள் காட்டும். குல்ஷன் அடைத்து அனுப்பிய காற்றை நம்பக் கூடாது என்று சொல்லி, முதல் காரியமாக இரண்டிலும் அதைச் சுட்டே தீர்க்கச் சொன்னார். "அது கறக்காம விட்ட மடி." பிறகு தன் கண்ணெதிரே புதுக் காற்றை அடைத்து, போட்டியில் சுடுகிற அளவு முழுக்க ஒன்றில், ஒரு டீ குடித்து முடித்ததும் அதே அளவு மற்றதில். சனி காலை, சனி சாயங்காலம், ஞாயிறு காலை. சுதேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டாள். இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, கழியின்மேல் மோவாயை ஊன்றி, அவள் முகத்தைப் பார்க்காமல் பிஸ்டலின் முகத்தையே பார்த்தார்.

மூன்று வேளையும் ஒரே கதை. முதலில் குண்டெல்லாம் நடுவிலே விழும். போகப் போக இறங்கும். கடைசியில் வட்டத்துக்குக் கீழே ஓரத்தில் போய்த் தொங்கும். கனமூக்கிலும் அப்படி, சிறுபிடியிலும் அப்படி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓட்டை விழுந்த அட்டைகளைக் கொட்டகைத் தரையில் வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்துவிட்டு ஜக்மேந்தர் தொடையில் தட்டினார். எத்தனையோ சந்தையில் எத்தனையோ பேரைப் பிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"பார்த்தியா? பார்த்தியா? ரெண்டும் பால் வத்தின எருமை! காத்தைப் பிடிச்சு வைக்கத் தெரியல. முதல்ல கொடுக்கற மாதிரி கொடுத்துட்டு அப்புறம் கையை விரிக்குது. அதான் அந்தப் பயல் அப்படிச் சிரிச்சான்." துணியை எடுத்து இரண்டையும் சுற்ற ஆரம்பித்தார். "வேண்டாம். ரெண்டும் வேண்டாம். திருப்பிக் கொடுத்துடலாம்."

சுதேஷ் அந்த மூட்டையையே பார்த்தாள். அதோடு சேர்த்து அவளுடைய போட்டியையும் அவர் கட்டிக்கொண்டிருந்தார்.

"ரச்னா அப்பா, முள்ளைப் பாருங்க. காத்து பாதிக்குமேல இருக்கு."

"முள்ளையே திருப்பி வச்சிருப்பான்."

அவள் மூட்டைக்குள் கையை விட்டுச் சிறுபிடியை உருவினாள். கொட்டகையின் பெரிய காற்றுச் சிலிண்டரில் மாட்டி, முள் உச்சிக்குப் போகும்வரை காற்றை அடைத்தாள். புது அட்டையைத் தொங்கவிட்டு, நின்று, சுட்டாள். கயிற்றை இழுத்ததும் அட்டை திரும்பி வந்தது. எல்லாம் கீழே.

"இப்ப முழுக் காத்து. நானே அடைச்சது. உங்க எதிர்லதான் அடைச்சேன். அப்பவும் கீழதானே போகுது? ஏன்?"

"அதான் சொல்றேன், துப்பாக்கி..."

அவள் குர்த்தாவின் கையைச் சுருட்டி, முன்கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. விரல்களை விரிக்கச் சொன்னால் விரியாது போல அரைகுறையாக மடிந்து நின்றன.

"காலையில எட்டு எருமை கறந்த கை இது. சாயங்காலம் மறுபடி எட்டு. நடுவுல உன்னோட மூணு வேளை. காத்து இறங்கல, என் கை இறங்குது. குல்ஷனைச் சந்தேகப்பட்ட. மாஸ்டர்ஜியைச் சந்தேகப்பட்ட. காத்தைக்கூடச் சந்தேகப்பட்ட. இந்தக் கை வலிக்குமோன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சந்தேகப்பட்டியா நீ?"

நாலு பேர் எதிரில் அவள் அவரை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்றிருந்த தேஷ்ராஜ், தகரக் கூரையில் எதையோ தேடுகிறவர் மாதிரி மேலே பார்த்தார். ஜக்மேந்தர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எருமையின் காம்பு வெடிப்பை இருட்டிலே தடவிக் கண்டுபிடிக்கிறவர், இந்த விரல்களின் வெடிப்பை அப்போதுதான் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கழியைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார்.

சாயங்காலம் குல்ஷன் கொட்டகைக்கே வந்தான். சிரித்தான். "எதை எடுத்துக்கிட்டுப் போகட்டும் சௌத்ரி சாப்?"

"நாளைக்குக் காலையில சொல்றேன். இன்னும் ஒரு வேளை பாக்கி இருக்கு."

"மூணு வேளைதானே உங்க கணக்கு? ஊரே சொல்லுதே!"

"இது வேற கணக்கு. அவ கை சொல்லணும்."

மற்றதை வாங்கப் பானிப்பத்தில் ஆள் காத்திருக்கிறான், நாளைக்குப் பத்து மணிக்குமேல் தாங்காது என்று குல்ஷன் இழுத்தான். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஜக்மேந்தர் அந்தச் சிரிப்பை இன்னும் நம்பவில்லை. ஆனால் மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது தொழுவத்தில் எருமைகள் கறவைக்குக் கத்திக்கொண்டிருந்தன. சுதேஷ் வாளியை எடுக்கப் போனாள். வாளி அங்கே இல்லை. அது ஜக்மேந்தரின் கையில் இருந்தது.

"உள்ள போய்ப் படு. கையைத் தலகாணி மேல வை. காலையில ரெண்டையும் ஒரு ஒரு தடவை பிடிச்சுப் பாரு. எதுன்னு நீயே சொல்லு."

"உங்களுக்குக் கறக்க வருமா?"

"போன்னா போ."

லாடோ என்கிற மூத்த எருமைக்குப் பக்கத்தில் குந்தினார். லாடோ கழுத்தைத் திருப்பி அவரை மேலும் கீழும் பார்த்தது. அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும். சந்தையில் அவரே பார்க்கிற பார்வை. காம்பைப் பிடித்தார், இழுத்தார், தடவினார், செல்லப்பெயர் எல்லாம் சொல்லிக் கெஞ்சினார். ஒரு சொட்டுச் சுரப்பு விடவில்லை. பின்னங்காலைத் தூக்கி வாளியைத்தான் உருட்டிவிட்டது.

ஜக்மேந்தர் எழுந்து வாசல்வரை போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். யாருமில்லை. கொடியில் கிடந்த சுதேஷின் மஞ்சள் முக்காட்டுத் துணியை உருவி, தலையோடு போர்த்திக்கொண்டு திரும்பவும் குந்தினார். லாடோ ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் வாளிக்குள் சத்தம் கேட்டது.

"மருமகளே!" வாசலில் ராம்பல் பெரியவரின் குரல். ஹூக்காவுக்குக் கூப்பிட வந்திருக்கிறார். முக்காடு போட்ட பெண் பிள்ளை கறப்பதைக் கண்டதும், மரியாதைப்படி வாசலோடு நின்று முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். "எங்க அந்தச் சந்தேகக்காரன்? வீட்டுல இருக்கானா?"

ஜக்மேந்தர் மஞ்சள் துணியை மீசைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, கறக்கிற கையை நிறுத்தாமலே, இல்லை என்று தலையை ஆட்டினார்.