பின்னால் ஒரு பெரிய பல்சக்கரம்

என் பழைய ரேஸ் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார் கடைக்காரர்.

"கியர் செட்டு பழசுக்கா. மொத்தமா மாத்துனாதான் மலை ஏறும்."

ஆந்திர எல்லை மலைப்பாதையில் ஒவ்வொரு ஞாயிறும் பாதியில் இறங்கித் தள்ளுகிறவள்தான் நான். ஆனாலும் அவர் பேச்சு காதில் ஏறவில்லை. சக்கரத்தின் 'கிர்ர்ர்' மட்டும்தான் கேட்டது.

அது அம்மாவின் சைக்கிள் சத்தம். கும்மிடிப்பூண்டி இரும்பு கம்பெனிக்கு வேலைக்குப் போகிற வழியில் என்னைப் பள்ளியில் விடுவாள். ரயில்வே மேம்பாலம் வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். நானும் கேரியரிலிருந்து குதித்துவிடுவேன். ஒருநாள் அம்மா சைக்கிள் கடைக்குப் போய், பின்னால் பெரிய பல்சக்கரமாகப் போடச் சொன்னாள்.

"இன்னாமா, லோடு அடிக்கப் போறியா?"

"என் பொண்ணு இன்னா, லோடு இல்லியா? போடுய்யா!"

மறுநாள் பாலத்தடியில் பழக்கதோஷத்தில் குதிக்கப் போனேன்.

"எறங்காதடி, குந்து!"

அம்மாவின் கால்கள் படபடவென்று சுற்றின. வண்டி ஊர்ந்தது, ஆனால் நிற்கவே இல்லை. தள்ளிக்கொண்டு போன ஆம்பளைகளை ஒவ்வொருவராகத் தாண்டினோம். தாண்டிய ஒவ்வொருவருக்கும் அம்மா ஒரு பெல் அடித்தாள்.

"செட்டெல்லாம் இருக்கட்டும். பின்னால மட்டும் பெருசா ஒண்ணு போடுங்க" என்றேன் கடைக்காரரிடம்.

அடுத்த ஞாயிறு மலையுச்சியில் நின்று, மூச்சிரைக்க அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எறங்குனியா?"

"எறங்கலம்மா!"

"பெல் அடிச்சியா?"

ரேஸ் சைக்கிளில் ஏது பெல்? மலையே திரும்பிப் பார்க்கும்படி வாயாலேயே அடித்தேன்.

"ட்ரிங்! ட்ரிங்!"