சிபாரிசு கேட்கப் போனது

மன்னாரில் இருந்த மனைவியையும் மகளையும் நான் அகதியாக இருந்த டென்மார்க்குக்குக் கூப்பிட மனுப்போட்டு நெடுநாளாகியும் பதிலில்லை. சட்டப்படி அவர்கள் வரலாம் என்றார்கள். நீதி அமைச்சில் தமிழரின் மனுக்களை மட்டும் அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊரான கிரின்ஸ்டெட்டுக்கு ஒரு வெளிநாட்டுப் பேராயர் பூசை வைக்க வந்தார். தன் நாட்டு அரசாங்கத்தை எதிர்த்துப் பிரசங்கம் செய்து வீட்டுக்காவலில் கிடந்தவராம்.

"பேராயர் சொன்னால் மந்திரி தட்டமாட்டார். கேளுங்கோ அண்ணை," என்றான் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவன்.

கத்தோலிக்கரான எங்களுக்கென்று அங்கே கோயில் இல்லாததால், டேனிஷ்காரரின் லூத்தரன் கோயிலில்தான் பூசை. முடிந்ததும் அந்தக் கோயில் பாதிரியார் கோப்பி ஊற்றினார். தன் சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் தருகிறது, திருச்சபைக்கென்று ஒரு மந்திரியே உண்டு என்றார். பேராயர் கோப்பியை மறந்து அவரையே பார்த்தார். நான் என் கதையைச் சொன்னேன். அரசாங்கச் சம்பளம் வாங்கும் பாதிரியார்தான் காதுவரை சிவந்து, நீதி மந்திரி செய்வது சட்டவிரோதம் என்றார். அரசாங்கத்தோடு மோதிய பேராயரோ ஆறிப்போன கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு பேராயர் என்னைத் தனியே யன்னலடிக்குக் கூப்பிட்டார். சிபாரிசு கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் கேட்டார். தன்னை இனி நாட்டுக்குள் விடமாட்டார்களாம். இங்கே அகதியாகப் பதிய முதலில் எந்தக் கந்தோருக்குப் போக வேண்டும்?