பிள்ளை மேய்க்கிற தையல்காரன்

தங்கப்பாண்டியன் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். கத்தரிக்கோல் மேலே கொக்கியிலிருந்து கயிற்றில் தொங்கும். ஊசிப்பெட்டி சாமிப் படத்துக்கும் மேலே. அயர்ன் பாக்ஸுக்கு பீரோவின் தலை. பட்டன் டப்பாக்கள் பரணில். வளர்ந்த ஆள் எக்கி எடுக்கிற உயரத்துக்குக் கீழே அந்த வீட்டில் இருப்பது அத்தனையும் கனியின் சொத்து.

கனிக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. முழுப்பெயர் மாரிக்கனி. இறந்துபோன தன் தாயின் பெயரைத்தான் தங்கப்பாண்டியன் மகளுக்கு வைத்திருந்தான். அவள் வாயில் அதிகம் புழங்கிய சொல் ‘வேணாம்’. சோறு வேணாம், சட்டை வேணாம், தூக்கம் வேணாம். வேண்டும் என்பதற்கு அவளுக்குச் சொல் தேவைப்படவில்லை; எடுத்துக்கொள்வாள்.

ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியில், ரோட்டோரத்து வாடகை வீடு. முன்னறையில் ஒரு பவர் மிஷின், துணி ஓரம் அடிக்கிற ஒரு ஓவர்லாக், துணி வெட்டுகிற மேசை. காக்கி தைப்பதில் தங்கப்பாண்டியனுக்குப் பேர் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்துகூட போலீஸ்காரர்கள் துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அவன் மனைவி வெங்கடேஸ்வரியும் அங்கே காவலர்தான். அப்பா உக்கிரபாண்டி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் இப்போதும் எல்லையில் நிற்கிறான். தங்கப்பாண்டியனும் ஆள் எடுப்புக்குப் போனவன்தான். ஓட்டத்தில் எல்லாரையும் முந்தினான். மார்பளவு ஒரு விரற்கடை குறைந்துவிட்டது. ‘அளவெடுத்து விரட்டுனவங்க முன்னாடியே அளவு டேப்பைக் கழுத்துல போட்டுட்டுத் திரியுறேன்’ என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

பேறுகால விடுப்பு முடிந்து வெங்கடேஸ்வரி வேலைக்குத் திரும்பிய மாதம், ராஜபாளையம் பஜாரில் இருந்த கடையைக் காலி செய்து மிஷின்களை வீட்டுக்குக் கொண்டுவந்தான். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பிள்ளையைப் பார்க்க ஓர் ஆளைப் போடலாமே என்று சிலர் சொன்னார்கள். “நான் ஆள் இல்லையா?” என்று கேட்டான்.

எதிரே டீக்கடை வைத்திருந்த சோணைமுத்துவுக்கு அன்றிலிருந்து பொழுது நன்றாகப் போயிற்று.

“என்ன தங்கம், பிள்ளைய மேய்ச்சாச்சா?”

“மேய்ச்சாச்சுண்ணே. இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு, வாரீங்களா?”

“வீட்டம்மா லத்தியத் தூக்குது, நீ பிள்ளையத் தூக்குத. நல்லாத்தான் பிரிச்சுக்கிட்டீக.”

“லத்தி லேசுண்ணே. பிள்ளைதான் கனம்.”

கடையில் சிரிப்பு எழும். அவனும் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வருவான். ஆனால் கிளாஸை அவன் வைக்கிற வேகத்தில் சோணைமுத்துவின் மேசை அதிரும்.

பிள்ளையை வைத்துக்கொண்டு மிஷின் மிதிக்கிறவனுக்குத்தான் தெரியும், எந்த விளையாட்டுக்கும் ஆயுள் கொஞ்சம் என்பது. காலையில் நூல் சுற்றி முடிந்த பிளாஸ்டிக் கோன்கள். ஒன்றன் தலையில் ஒன்றாகக் கனி அடுக்குவாள். அவள் உயரத்துக்கு வந்ததும் உதைத்துத் தள்ளுவாள். அதற்குள் இரண்டு சட்டைக்குத் தோள் சேர்த்துவிடலாம். அது சலித்தால் வெட்டுத்துணிச் சாக்கு. உள்ளே கையை விட்டுத் துண்டு துண்டாக எடுத்து, சுவருக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, கேஸ் சிலிண்டருக்கு ஒன்று என்று பட்டுவாடா நடக்கும். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்று அவளுக்குக் கோபம் வருகிறவரைக்கும் அவன் சட்டைக்குக் கை வைப்பான், காலர் வைப்பான். பிறகு டேப். கனி எல்லாவற்றையும் அளப்பாள். கதவை அளந்தாலும் பூனையை அளந்தாலும் அவள் கணக்கில் ‘முப்பெட்டு’தான். முப்பத்தெட்டு என்று அவன் ஒருமுறை உரக்கச் சொல்லியதைப் பிடித்துக்கொண்டவள் வேறு எண்ணை உலகத்தில் அனுமதிக்கவில்லை.

போனைக் கொடுத்துப் பார்க்காமல் இல்லை. ஒரு வாரம் கொடுத்தான். மலைபோல வேலை முடிந்தது. ஆனால் அவன் கூப்பிட்டால் அவள் நிமிரவில்லை. மிஷினுக்கு முன்னால் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பதுபோல அவனுக்கு இருந்தது. போனைப் பிடுங்கி பீரோ மேல் வைத்தான். இரண்டு நாள் அவள் அலறலில் வீட்டுக் கூரையே பெயர்ந்தது. மூன்றாம் நாள் பூனையை அளக்க வந்துவிட்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஆடி மாதத்தில் திணறியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். வெங்கடேஸ்வரிக்கு வீடு என்பது உடை மாற்றுகிற இடமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, திருவிழாவுக்குக் காவலாட்களை அனுப்பும் ஒரு தனியார் கம்பெனிக்காகச் சமுத்திரம் என்ற சூப்பர்வைசர் நீலச் சட்டைகளுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்தார். இவ்வளவு பெரியது இதுவரை தங்கப்பாண்டியனுக்கு வந்ததில்லை. கனிக்கோ கடைவாய்ப்பல் முளைக்கிற நேரம். எந்த விளையாட்டும் அவளிடம் பலிக்கவில்லை. அவளை மடியில் போட்டுக்கொண்டு தைத்தான். தூளியில் போட்டுக் காலில் கயிறு கட்டி ஆட்டிக்கொண்டே தைத்தான். கண்கள் சிவந்து, பாக்கெட்டைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தான்.

அப்போதுதான் மகாராஜபுரத்திலிருந்து உக்கிரபாண்டி வந்து இறங்கினார். கையில் ஒரு சாக்குத் தேங்காய். பேத்தியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அது செத்துப்போன மனைவியின் பெயர் என்பதால் ‘ஆத்தா’ என்பார். அவளைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னார்:

“நாளைக்குக் காலைல பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன். உங்க மதினி பாத்துக்கிடுவா. அவ பிள்ளைகளோட இதுவும் ஒண்ணா வளரட்டும். பள்ளிக்கூடத்துக்குப் போற வயசு வரவும் கொண்டாந்து விடுதேன்.”

“தேர் வரைக்குமா?”

“காது கேக்கலயாலே? பள்ளிக்கூடம் வரைக்கும்னேன். ஒரு ஆம்பளை பகல் பூரா வீட்டுக்குள்ள பிள்ளையோட கெடக்குறது நல்லாவா இருக்கு? ஊர்ல எங்கிட்டக் கேக்குறானுக, உம்மகன் என்ன வேலை பாக்குதான்னு.”

“தையல் வேலைன்னு சொல்லுங்க.”

“சொல்லிட்டுத்தான் வாரேன். சிரிக்கானுக.”

தங்கப்பாண்டியன் மேசையைத் திரும்பிப் பார்த்தான். மேசை மேல் வெட்டிப் போட்ட நீலத்துணி அவன் மார்பு உயரத்துக்குக் கிடந்தது. சாயங்காலத்துக்குள் முதல் கட்டுச் சட்டைகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் சேர்க்க வேண்டும். ‘பிள்ளையை அனுப்பமாட்டேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவன் சொன்னது வேறு. “நான் போய் சரக்கை இறக்கிட்டு வந்துருதேன். செத்த நேரம் பாத்துக்கங்கப்பா. கோன் அந்தா இருக்கு. சாக்கு மேசைக்கடியில. டேப்பைக் கேட்டா குடுத்துருங்க.”

“போலே. நான் ஒரு பிளாட்டூனையே மேச்சவன்.”

எக்ஸெல் வண்டியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனவன், சமுத்திரத்திடம் திட்டு வாங்கி, மீதிக்கு நாள் குறித்துக்கொண்டு திரும்பினான். வழியெல்லாம் மனசு கணக்குப் போட்டது. தேர் வரைக்கும் மட்டும் அனுப்பினால் என்ன? மதினி நல்லவள். அங்கே மாடு இருக்கிறது, கன்றுக்குட்டி இருக்கிறது. ராஜபாளையத்தைத் தாண்டும்போது அவன் பாதி சம்மதித்திருந்தான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது உள்ளே சத்தமே இல்லை.

உக்கிரபாண்டி நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கனி உள்ளறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெங்கடேஸ்வரியின் பழைய நூல் சேலை ஒன்று அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டில் காலில் போய் முடிந்திருந்தது. பக்கத்தில் பாதி தின்ற பிஸ்கட்டில் எறும்பு. அழுது முடித்த முகம். மூக்குச் சளி காய்ந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது.

“பாத்தியா, ஒரு சத்தம் இல்ல” என்றார் அப்பா. “மொதல்ல கத்துச்சு. பொறவு தானா அடங்கிருச்சு. உன்னையும் உங்கண்ணனையும் கட்டில் கால்தாம்லே வளத்துச்சு. உங்கம்மா களையெடுத்துட்டு வார வரைக்கும் அப்பிடியே இருப்பீக.”

தங்கப்பாண்டியன் குனிந்து முடிச்சை அவிழ்த்தான். பட்டாளத்து முடிச்சு, இழுக்க இழுக்க இறுகியது. பல்லால் கடித்துப் பிரித்தான். கனி எழுந்திருக்கவில்லை. ஒரு கோனை எடுத்து வந்து கொஞ்சம் தள்ளி வைத்தான். அவள் கையை நீட்டினாள். சேலை எதுவரைக்கும் விட்டிருக்குமோ அதுவரைக்கும் நீட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தான்.

“பிள்ளை வராதுப்பா.”

“என்னது?”

“மகாராஜபுரத்துக்கு வராது. தேருக்கும் வராது, பள்ளிக்கூடம் வரைக்கும் வராது.”

“ஏலே, நான் என்ன பிள்ளைய அடிச்சேனா? கட்டி வச்சேன். ஊர்ல எல்லாம் செய்யுறதுதான. உங்கம்மா செய்யலியா?”

“அம்மாவுக்கு வேற வழி இல்ல. வயலுக்குப் போகலேன்னா அடுப்பு எரியாது. நீங்க பட்டாளத்துல இருந்தீக. அவிய அழுதுக்கிட்டேதான் கட்டிருப்பாக. எனக்கு வழி இருக்கு. அதை வச்சுக்கிட்டுப் பிள்ளையக் கட்டமாட்டேன்.”

“அப்ப அம்புட்டுச் சட்டையையும் எவன் தைப்பான்?”

“முடிஞ்சதைத் தைப்பேன். முடியாததைச் சமுத்திரம் அண்ணன் வேற ஆள்ட்ட குடுக்கட்டும். நீலச் சட்டை இல்லேன்னா தேர் நகராதுன்னு ஐதீகமா?”

உக்கிரபாண்டிக்கு மீசை துடித்தது. “ஒரு பொட்டப்பிள்ளைய வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே கெடந்து சாகு” என்றார்.

“கெடக்கேன். யாராச்சும் கேட்டா, எம்மகன் பிள்ளை மேய்க்குதான்னு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க.”

அங்கேயே நின்று போனை எடுத்துச் சமுத்திரத்திடம் பேசினான். பாதி ஆர்டர் போயிற்று. ‘இனிமே நம்ம பக்கம் வராதீங்க தம்பி’ என்ற வாக்கும் சேர்ந்து வந்தது. “சரிண்ணே” என்று வைத்தான். தோளில் கிடந்த கனி தூங்கியிருந்தாள்.

இருட்டிய பிறகு வெங்கடேஸ்வரி வந்தாள். வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். தங்கப்பாண்டியன் நடந்ததைச் சொன்னான். அவள் நிமிராமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான்தான் மச்சான் மாமாவ வரச் சொன்னேன்” என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான்.

“நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு? கண்ணு ரெண்டும் கோவப்பழமாட்டம் இருக்கு. டூட்டில நிக்கும்போது எனக்கு இங்ஙனயேதான் நெனப்பு. அனுப்பிருவோம்னு பிள்ளை துணியைக்கூட எடுத்து வச்சுட்டேன்.” கட்டிலுக்கடியில் இருந்த பையைக் காட்டினாள்.

“எங்கிட்டக் கேக்கலயே ஈஸ்வரி.”

“கேட்டா வேணாம்பீங்க. மகளும் அப்பனும் அது ஒண்ணுதான் படிச்சிருக்கீங்க.”

“இப்பவும் வேணாம்ங்கேன்.”

அவள் எழுந்துபோய்த் தூங்குகிற பிள்ளையின் சட்டையை விலக்கி இடுப்பைப் பார்த்தாள். சேலை உரசிச் சிவந்த தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

விடிந்ததும் உக்கிரபாண்டி குளித்துத் திருநீறு பூசி, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மருமகள் தம் பக்கம் பேசுவாள் என்ற நம்பிக்கை அவருக்கு மிச்சம் இருந்தது. வெங்கடேஸ்வரி உடுப்பு மாட்டித் தொப்பியோடு வந்தாள். அந்தப் பையை அவர் கண்ணெதிரே தலைகீழாகக் கவிழ்த்து, சட்டை, ஜட்டி, தொப்பி எல்லாவற்றையும் அலமாரியில் திரும்ப அடுக்கினாள்.

“மாமா, ஊருக்குப் போற வத்திராயிருப்பு பஸ் வர்ற நேரமாச்சு. உங்களை ஏத்தி விட்டுட்டுத்தான் நான் போகணும். ஒரு சீட்டுப் போதும்.”

“புருஷனும் பொண்டாட்டியும் சேந்துட்டீகளாக்கும்.”

“கல்யாணத்தன்னைக்குச் சேத்துவச்சதே நீங்கதான மாமா.”

அவர் தேங்காய்ச் சாக்கை மட்டும் விட்டுவிட்டுப் போனார். ‘இனி இந்த வீட்டு வாசல்ல கால் வைக்கமாட்டேன்’ என்று பஸ் ஏறும்போது சொன்னாராம்; வெங்கடேஸ்வரி போனில் சொன்னாள். தங்கப்பாண்டியன் அதைக் கேட்டுக்கொண்டே பாபினை மாட்டினான்.

அன்று முழுக்கக் கனி அவன் மடியைவிட்டு இறங்கவில்லை. மடியில் பிள்ளையோடு தைத்த தையல் வளைந்து வளைந்து ஓடியது. பிரித்தான், மறுபடி தைத்தான். இரண்டாம் நாளும் அப்படித்தான். கோன், சாக்கு எதையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளாமல் சும்மா பேசிக்கொண்டே இருந்தான். இது கை, இது காலர், இது பாக்கெட் மூடி, இதைப் பிடிச்சுக்கோ, கொடு.

மூன்றாம் நாள் மத்தியானம் டீக்கடை வாசலிலிருந்து சோணைமுத்துவின் குரல் கேட்டது.

“ஏய் தங்கம், வெளிய வந்து பாருய்யா. உன் கடை ரோட்டுக்கு வந்துருச்சு.”

மடி லேசாக இருப்பதை அப்போதுதான் உணர்ந்தான். கனி எப்போது இறங்கினாளோ, ஸ்டூலை இழுத்துப்போட்டு ஜன்னலில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். அயர்ன் செய்து அடுக்கியிருந்த காலர்களை ஒவ்வொன்றாகக் கம்பி வழியாக ரோட்டில் எறிந்துகொண்டிருந்தாள். ஒன்று சாக்கடையில். ஒன்று போகிற ஆட்டோவின் மேல்.

“அம்புட்டும் போச்சுய்யா” என்றார் ரோட்டைத் தாண்டி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்ற சோணைமுத்து. டீக்கடை பெஞ்சே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. “பிள்ளை வளக்கியா, குரங்கு வளக்கியா?”

தங்கப்பாண்டியன் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து ஜன்னலை அண்ணாந்து பார்த்தான். நல்ல வெயில். கனி இன்னொரு காலரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அப்பா திட்டுவானா என்று பார்த்தாள்.

“போடு ஆத்தா” என்றான். “இன்னும் இருக்கு பாரு, எல்லாத்தையும் போடு. அண்ணே, செத்தத் தள்ளி நில்லுங்க, தலையில விழும்.”