ஆமை பறந்த கதை

அழகுமுத்துவுக்கு ஊரில் ஆமை என்று பெயர். இத்தனை வருஷத்தில் அவன் ஓட்டிய வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. கீறல் விழுவதென்றால் வண்டி கொஞ்சமாவது ஓட வேண்டுமே என்பார்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்குப் பெண்கள். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்திலிருந்து போஞ்சிக்காய் மூட்டையோடு ஹட்டன் சந்தைக்குப் போகிறவர்கள், ஒரு வளைவில் அவன் லொறியை விட்டு இறங்கி, குறுக்குப் பாதையில் நடந்து, அடுத்த வளைவில் அவனுக்காகக் காத்திருப்பார்கள் என்றொரு கதை உண்டு. அது சுத்தப் பொய். ஒரே ஒரு தடவைதான் அப்படி நடந்தது.

எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டு, தோட்டத்துக் கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றி இறக்கி, அதே லொறிக்கு டிரைவராகி, தலை நரைத்த பிறகு சொந்தமாக ஒரு சின்ன லொறி வாங்கியவன். இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை. கட்டின மனைவி நாகலெட்சுமியே ஒரு நாள் பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டு ஆமை இன்னும் வந்து சேரல" என்று சொன்னது அவன் காதில் விழுந்தது. அன்றிலிருந்து உள்ளுக்குள் ஒரே புகைச்சல்.

லொறிக்குப் புதுப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்திய காலையில், முதலில் வாயைத் திறந்தவள் வேலாயி. லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டுக்காரி, கொழுந்து பறிக்கிறவள், புருஷன் இல்லை. ஒரே மகள் வினோதா ஹட்டனில் வாழ்க்கைப்பட்டு நிறைமாதமாக இருந்தாள்.

"என்னா அழகு!" என்றாள் வேலாயி, பீலியடி முழுக்கக் கேட்கும்படி. "இந்தா அழகுமுத்து, பேரப்புள்ளயப் பாக்க நான் இதுலதான் போவேன். இப்பவே சொல்லிப்புட்டேன்."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குளிர்ச்சியிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அவன் ஃபோனில் ஒரு காட்சி இருந்தது. எங்கோ ஒரு பாலைவனத்தில் ஒருவன் மணல்மேட்டிலிருந்து லொறியைப் பறக்க விடுகிறான், பார்க்கிறவர்கள் எல்லாம் கைதட்டுகிறார்கள். அதை அழகுமுத்து எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று கேட்டால் அவனே வெட்கப்படுவான்.

அன்று மத்தியானம் வெறும் லொறியோடு திரும்பியவன், யாரும் விளையாடாத பழைய கிரவுண்டுக்குள் வண்டியை விட்டான். அங்கே ஒரு மண்மேடு. ஃபோனைப் படமெடுக்க விட்டுக் கல்லில் சாய்த்து வைத்தான். முதல் தடவை ஃபோன் குப்புற விழுந்தது. இரண்டாவது தடவை மேட்டின் உச்சியில் கால் தானாக பிரேக்குக்குப் போய்விட்டது. பழக்க தோஷம். மூன்றாவது தடவை "அழகுமுத்துடா!" என்று கத்திக்கொண்டே மிதித்தான்.

நான்கு சக்கரமும் நிலத்தை விட்டன. அந்தக் கொஞ்ச நேரம் அவன் ஆமை இல்லை. அடுத்து பின்பக்கம் தொம்மென்று விழுந்தபோது, முதுகில் உலக்கை போட்ட மாதிரி ஓர் இடி, சீட்டுக்கடியில் என்னவோ முறிகிற சத்தம். பறந்ததென்னவோ கண் சிமிட்டும் நேரம்தான். முறிந்தது அப்படியே கிடந்தது.

நண்டு மாதிரிக் கோணிக்கொண்டு நகர்ந்த லொறியை எப்படியோ ரோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆள் கூடிவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். வந்தது வேறு.

"தெரியலீங்க. சும்மாதான் போய்க்கிட்டு இருந்தேன், டமார்னு போயிருச்சு. கண்ணு பட்டிருச்சு போல."

அவன் யார் பெயரையும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஜீவராணிதான், "காலைல யாரு வாய் வச்சது?" என்று கேட்டாள். பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கப் பதில் தெரிந்துவிட்டது. அழகுமுத்துவுக்கும் தெரிந்தது. இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை விடாமல் ட்ராக்டரில் லொறியைக் கட்டிக்கொண்டு கினிகத்தேனைக்குப் போய்விட்டான்.

அங்கே கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் லாபிர் பாஸ், லொறியை ஜாக்கியில் தூக்கிப் பின்னால் குந்தி உட்கார்ந்தார். இரண்டு பின்சக்கரமும் தலையை உள்ளுக்குச் சாய்த்துக்கொண்டு நின்றன. ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்து வைக்கும் போல்ட் அறுந்து, எக்சல் ஒரு பக்கம் பின்னுக்கு நழுவியிருந்தது. எண்ணெய் வழிந்தது.

"குழியில விழுந்தா ஒரு பக்கந்தான் அடி வாங்கும்" என்றார் லாபிர். "இது ரெண்டு பக்கமும் ஒண்ணா வாங்கி ஈக்கிது. எங்கெருந்து குதிச்சீங்க?"

"நானா? என்னைய ஊர்ல ஆமைன்னு சொல்வாங்க பாஸ்." அந்தப் பெயர் முதல் தடவையாக அவனுக்கு உதவிக்கு வந்தது.

லாபிர் மறுபடி எக்சலுக்கடியில் குனிந்தார். எக்சல் கூடு நிமிர்த்த முடியாதபடி வளைந்திருந்ததால் கொழும்பிலிருந்து பழைய கூடு ஒன்று வரவழைத்தார். பல்சக்கரங்களைக் கழற்றி ஒரு வாளி டீசலில் போட்டு, பிரஷ்ஷை அழகுமுத்து கையில் கொடுத்தார். "பறந்தவரே கழுவுங்க."

கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் நாகலெட்சுமி ஃபோனில் கோல் எடுத்தாள். வினோதாவுக்குப் பெண் குழந்தையாம்.

"வேலாயி போயிட்டாளா?"

"எங்கங்க போறா? பஸ்ஸுலயாவது போயேன்னு சொன்னேன். 'எங்கண்ணு பொல்லாத கண்ணு, பச்சப்புள்ள மேல பட வேணாம்'னு சொல்லிப்புட்டுக் கதவச் சாத்திக்கிட்டா. மலையில கொழுந்து பறிக்கிறப்பவும் அவ பக்கத்துல யாரும் நெர பிடிக்கிறதில்ல."

அழகுமுத்து பிரஷ்ஷைக் கீழே வைத்தான். ஒரு பொம்பளை தன் பேத்தியைப் பார்க்கத் தன் கண்ணுக்கே பயந்து உட்கார்ந்திருக்கிறாள். அவன் மேட்டிலிருந்து குதித்ததற்கு. அழுகை வந்தது. டீசல் கையால் துடைத்ததில் கண் எரிந்து, அழுகை இன்னும் கூடியது. அழக்கூட ஒழுங்காகத் தெரியவில்லை.

லொறி சரியானது. ஊருக்கு வந்ததும் வராததுமாக, யாரும் பார்க்காமல் வேலாயி வீட்டுப் பின்கதவைத் தட்டி ஃபோனைக் காட்டினான். அவளிடம் மட்டும் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது, ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது அந்த மகாவீரனின் திட்டம்.

வேலாயி முழுக்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"எனக்கு எதுக்கு இதக் காட்டுற? பொல்லாத கண்ணுன்னு மொதல்ல சொன்னது நானா? சொன்னவங்ககிட்ட காட்டு." கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் மாரியம்மன் கோவில் முன்னால் லொறிக்குப் பூசை. சூடம் கொளுத்தி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் தேசிக்காய் வைத்து, ஏறி நசுக்க வேண்டியதுதான் பாக்கி. அழகுமுத்து ஸ்டார்ட் பண்ணவில்லை. லொறியின் பின்தட்டில் ஏறி நின்றான்.

"கண்ணு பட்டு ஒடயலங்க. நாந்தான் ஒடச்சேன். கிரவுண்டு மேட்டுலேருந்து பறந்தேன்."

ஒருவரும் நம்பவில்லை. "ஆமையாவது பறக்குறதாவது!" என்றது ஒரு குரல். ஜீவராணி உருகிப்போனாள்: "பாவம், வேலாயிக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு. என்னா மனசு!"

வாழ்நாளில் முதல் தடவையாக ஊர் அவனை நல்லவன் என்றது. அதையும் கெடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஃபோனை எடுத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டிக் கொடுத்தான்.

அது கை மாறிக் கை மாறிப் போனது. லொறி வருகிறது. "அழகுமுத்துடா!" லொறி மேலே போகிறது. ஃபோன் சாய்கிறது. பிறகு வெறும் வானம், அதன் மேல் ஒரு குரல்: "ஐயோ, அம்மாடி!" ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுபடி போடச் சொன்னார்கள். பூசாரி சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

முதலில் சிரிப்பு நின்றது நாகலெட்சுமிக்கு. "அப்ப வேலாயி?" என்றாள்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜீவராணி மெல்லக் கிளம்பி லயத்தின் கடைசி வீட்டை நோக்கி நடந்தாள். அங்கே என்ன பேசினாளோ தெரியாது, வெகு நேரம் ஆயிற்று. வேலாயி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, ஒருவரோடும் பேசாமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தேசிக்காய்கள் நசுங்கின.

வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அழகுமுத்து பிரேக்கைத் தொட்டான். வேலாயி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் மிதி ஆமை. நாம போறதுக்குள்ள புள்ள வயசுக்கு வந்துரும்."

வினோதா வீட்டு வாசலில் அவன் நின்றுகொண்டான். உள்ளே குழந்தையைக் கையில் வைத்தபோது வேலாயி கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். "பாரும்மா" என்றாள் வினோதா. வேலாயி மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னா அழகு!" தெரு முழுக்கக் கேட்டது.

வினோதாவின் மாமியார் அம்மாக்கண்ணு பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க சம்மந்தி, கண்ணு பட்டுரும்!"

"எங்கண்ணு படாது" என்றாள் வேலாயி, குழந்தையிடமிருந்து பார்வையை எடுக்காமல். "அந்தா வாசல்ல நிக்கிறானே, அவனக் கேளுங்க."

அழகுமுத்து சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தான்.